முகவரியும் நம்பிக்கையும்

எழுத்து என்றவுடன் நம் உள்ளத்தில் எழுவன கதையும் கவிதையும் கட்டுரையுமே. பிறர் படிப்பதற்காக எழுதப்படுவதே எழுத்து என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும், மனிதர் கையால் எழுதப்பட்டு, பெரும்பாலும் எவராலும் படிக்கப்படாமல், கோடிக்கணக்கானோரின் அன்றாட வாழ்வைத் தாங்கி நிற்கும் எழுத்து ஒன்றும் நம் காலத்தில் உண்டு. வங்கியின் கணிப்பொறியிலும், நம் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியிலும், மருத்துவமனைக் கட்டிலருகே ஒளிரும் சிறு திரையிலும் அது ஓசையின்றி இயங்குகிறது. அந்த எழுத்தின் அடித்தளத்தில் வேலை செய்வதே முப்பது ஆண்டுகளாக என் பிழைப்பு.

கணிப்பொறி வேலை என்றால் திரையில் படங்களும் பொத்தான்களும் அமைப்பது என்றே உறவினர் பலர் நினைக்கின்றனர். நான் செய்வது அதற்கும் பல படிகள் கீழே நிகழும் வேலை. மாளிகையின் ஓவியங்களைப் பார்த்து வியப்பவர் அதன் கடைக்காலைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. ஆனால் கடைக்கால் நகர்ந்தால் ஓவியமும் சேர்ந்தே விழும். அந்தக் கடைக்காலை எழுதுவதற்கென அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்பட்டு வரும் மொழி 'சி'. அம்மொழியில் நாள்தோறும் கையாள வேண்டியவை மூன்று: பாயிண்டர் என்னும் சுட்டு, ஸ்ட்ரக்ட் என்னும் கட்டமைப்பு, மேக்ரோ என்னும் சுருக்கச்சொல். வறண்ட தொழில்நுட்பச் சொற்களாகத் தோன்றும் இம்மூன்றும் மனிதர்க்கிடையே நிலவும் நம்பிக்கையைப் பற்றி எனக்குக் கற்றுத் தந்தவை மிகுதி. அவற்றை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கதவிலக்கமும் குடியிருப்போரும்

கணிப்பொறியின் நினைவகத்தை முடிவில்லாத ஒரு நீண்ட தெருவாக எண்ணிக்கொள்ளுங்கள். தெருவில் ஒரே அளவான சிறு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவிலக்கம். ஒரு வீட்டில் ஓர் எண்ணை மட்டுமே வைக்க முடியும். பாயிண்டர் என்பது கதவிலக்கம் எழுதிய துண்டுச்சீட்டு, அவ்வளவுதான். அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார், அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா, வீடு இருக்கிறதா இல்லையா என்பவற்றில் எதையும் அந்தச் சீட்டு அறியாது.

சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு இலக்கங்கள் இருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். பழைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தேடிச் செல்பவர் வேறொருவர் வீட்டின் கதவைத் தட்டக்கூடும். மனிதராயின், "இவர் குடி மாறிப் போய் ஆறு மாதமாகிறதே" என்று அங்கிருப்பவர் சொல்லித் திருப்பியனுப்புவார். நினைவகத்தின் வீடுகளில் அப்படிச் சொல்வார் எவருமில்லை. பழைய சீட்டோடு வருபவருக்கும் கதவு திறக்கும். புதிதாகக் குடிவந்தவரின் பொருள் பழையவரின் பொருளென்றே எடுத்துச் செல்லப்படும். விடுவிக்கப்பட்ட இடத்தை மீண்டும் பயன்படுத்தும் இந்தப் பிழை, பாதுகாப்பு வல்லுநர்கள் பெரிதும் அஞ்சும் பிழைகளுள் ஒன்று.

எங்கும் செல்லாத சீட்டும் உண்டு. அதற்கு 'நல்' என்று பெயர். வெற்று முகவரி எனலாம். இந்தக் கருத்தை 1965-இல் ஆல்கால் டபிள்யூ என்னும் மொழிக்காக அமைத்தவர் ஆங்கிலேய அறிஞர் டோனி ஹோர். நடைமுறைப்படுத்துவது மிக எளிதாக இருந்ததால் சேர்த்துவிட்டதாகவும், அது நூறு கோடி டாலர் மதிப்புள்ள தம் தவறு என்றும் 2009-இல் அவரே பொது மேடையில் கூறினார். தாம் செய்த ஒன்றின் விளைவை நாற்பத்துநான்கு ஆண்டுகள் கழித்தும் தம் கணக்கிலேயே எழுதிக்கொண்ட அந்த நேர்மை போற்றத்தக்கது.

அதே 2009-ஆம் ஆண்டு லினக்ஸ் கர்னலில் வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சியை இளையவர்களுக்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. வலைப்பின்னல் தொடர்பான ஒரு நிரற்பகுதியில், ஒரு பாயிண்டர் காட்டும் கட்டமைப்புக்குள் நுழைந்து ஓர் உறுப்பை எடுக்கும் வரி முதலில் இருந்தது. "இந்தப் பாயிண்டர் வெற்றா?" என்று கேட்கும் வரி அதற்குப் பின்னர் வந்தது. நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒரு தர்க்கம் செய்தது: "முன் வரியிலேயே வீட்டுக்குள் போய்விட்டார்கள்; ஆகவே இது வெற்று முகவரியாக இருக்க முடியாது; இனி இந்தக் கேள்வி வீண்." எனவே அது கேள்வியையே நீக்கிவிட்டது. எழுதப்பட்ட காவல் இயங்கும் நிரலில் இல்லாமற்போயிற்று. அந்த இடைவெளி வழியே சாதாரணப் பயனர் ஒருவர் முழு எந்திரத்தின் ஆட்சியையும் கைப்பற்ற முடியும் என்று செய்து காட்டப்பட்டது. இத்தகைய கேள்விகளை நீக்கலாகாது என்று கம்பைலருக்குக் கட்டளையிட்டே அதன்பின் கர்னல் உருவாக்கப்படுகிறது. உள்ளே புகுந்த பின்னர் அனுமதி கேட்பது அனுமதி கேட்டதாகாது என்பதை எந்திரமும் ஒருவகையில் அறிந்திருக்கிறது போலும்!

அஞ்சறைப்பெட்டி

தனித்தனி வீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய காரியம் எதையும் செய்துவிட முடியாது. ஒரு மனிதரைப் பற்றிய குறிப்பில் பெயர், வயது, ஊர் எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். அவற்றை ஒன்றாகக் கட்டி வைப்பதே ஸ்ட்ரக்ட். நம் அடுக்களையின் அஞ்சறைப்பெட்டியே இதற்குத் தக்க உவமை. கடுகுக்கு ஒரு கிண்ணம், சீரகத்துக்கு ஒரு கிண்ணம், மஞ்சளுக்கு ஒன்று. பெட்டியை எடுத்தால் எல்லாம் சேர்ந்து வரும். எந்தக் கிண்ணம் எங்கே என்று தெரிந்த கை, கண்ணால் பாராமலே கடுகை எடுத்துத் தாளித்துவிடும்.

இந்த எளிய கருத்தின் வலிமைக்கு வரலாறே சான்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மரே ஹில் என்னுமிடத்திலிருந்த பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை வளர்த்து வந்த காலம். யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை அம்மொழியில் எழுதிப் பார்க்க அவருடைய தோழர் கென் தாம்ப்சன் 1972-இல் முயன்று, கைவிட்டார். அப்போது மொழியில் ஸ்ட்ரக்ட் இல்லை. பின்னர் அது சேர்க்கப்பட்டது. 1973 கோடையில் யூனிக்ஸின் கர்னல் சி மொழியில் திரும்ப எழுதப்பட்டது. இன்றைய தொலைபேசிகள் பலவற்றின் மூதாதையான அந்த இயங்குதளம் புது மொழியில் எழுந்து நின்றதில் இந்த அஞ்சறைப்பெட்டிக்கும் பங்குண்டு.

தொடக்க காலத்துக் கம்பைலர்கள், எந்தக் கிண்ணம் எந்தப் பெட்டிக்கு உரியது என்று சரிபார்க்கவில்லை. உறுப்புகளின் பெயர்கள் எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவாகவே இருந்தன. ஆகவே ஒவ்வொரு பெட்டியின் உறுப்புக்கும் தனி முன்னெழுத்துச் சேர்க்கும் வழக்கம் பிறந்தது. ஒரு கோப்பின் அளவைக் குறிக்கும் உறுப்பின் பெயர் இன்றும் 'எஸ்.டி.' என்னும் முன்னெழுத்தோடு தொடங்குவது அதனாலேயே. தேவை மறைந்து பல பத்தாண்டுகள் ஆகியும் பெயர் நிலைத்திருக்கிறது. நம் ஊர்களின் தெருப் பெயர்களில் பழைய குளங்களும் தோப்புகளும் இன்னும் வாழ்வதைப் போல!

அஞ்சறைப்பெட்டி உவமைக்குள் அடங்காத ஒரு நுட்பமும் உண்டு. நான்கு பைட் நீளமுள்ள எண்ணை, நான்கால் வகுபடும் கதவிலக்கத்தில் வைப்பதையே பல எந்திரங்கள் விரும்புகின்றன. ஒரு பைட் நீளமுள்ள உறுப்புக்குப் பின் நான்கு பைட் எண் வருமாயின், இடையில் மூன்று வீடுகளைக் கம்பைலர் வெறுமையாக விட்டுவிடும். இதைப் பேடிங் என்பார்கள். நிரலில் அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு பைட், நான்கு பைட், ஒரு பைட் என்று வரிசையாக எழுதினால் பெட்டியின் நீளம் 12. அதே மூன்றையும் நான்கு, ஒன்று, ஒன்று என்று மாற்றி எழுதினால் 8. பொருள்கள் அவையே, அடுக்கும் முறையால் அளவு மாறுகிறது. இந்த வெற்றிடத்தின் அளவு எந்திரத்துக்கு எந்திரம் வேறுபடலாம் என்பதே நாம் கருத வேண்டியது.

மின்கலமும் மூச்சும்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், மருத்துவக் கருவிகள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். விரலில் மாட்டும் கவ்வி ஒன்று நாடித்துடிப்பையும், குருதியில் உள்ள பிராணவாயுவின் விழுக்காட்டையும் அளந்து, படுக்கையருகே உள்ள திரைக்கு அனுப்பும் கருவி அங்கு உருவாகிக்கொண்டிருந்தது. கவ்வியினுள் 8 பிட் சில்லு. திரையினுள் 32 பிட் சில்லு. இரண்டும் பேசிக்கொள்ள ஒரே ஸ்ட்ரக்ட். முதலில் கருவியின் எண், 2 பைட். அடுத்து நேரம், 4 பைட். பின்னர் நாடி, பிராணவாயு, மின்கலத்தின் இருப்பு ஆகிய மூன்றும் இவ்விரண்டு பைட். இந்த அறிவிப்பு ஒரே கோப்பில் எழுதப்பட்டு, இரு குழுக்களும் அதையே பயன்படுத்தின. ஆகவே மாறுபாட்டுக்கு இடமே இல்லை என்று எல்லோரும் நம்பியிருந்தனர்.

சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம்பெண் ஒருவர் கவ்வியைத் தம் விரலில் மாட்டிக்கொண்டு நாள் முழுதும் திரையைக் கவனித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நாடி 97, பிராணவாயு 98. நலமுள்ள இளையவர்க்கு ஏற்ற எண்களே; நாடி சற்று விரைவு, அவ்வளவே. மாலையில் அவர் எங்கள் தலைமைப் பொறியாளரிடம் வந்தார்.

"சார், மூச்சை அடக்கிப் பார்த்தேன், படியேறிவிட்டு வந்தும் பார்த்தேன். பிராணவாயு, நாடி இரண்டுமே அசையவில்லை. ஆனால் மத்தியானத்திலிருந்து பிராணவாயு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வருகிறது. இப்போது 91."

"ஏம்மா, உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று பதறினார் அவர்.

"எனக்கு ஒன்றும் இல்லை சார். கவ்வியின் மின்கலத்தைத்தான் காலையிலிருந்து மாற்றவில்லை" என்றார் அந்தப் பெண்.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டது. கவ்வியின் சில்லு இரண்டு பைட் எண்ணுக்குப் பின் இடைவெளியின்றி நேரத்தை வைத்து அனுப்பியது. திரையின் சில்லோ, நேரம் நான்கால் வகுபடும் இடத்தில்தான் இருக்கும் என்று கொண்டு, இரண்டு பைட் தள்ளிப் படித்தது. வந்திறங்கிய பைட்டுகளின் மீது ஒரு ஸ்ட்ரக்ட் பாயிண்டரை வைத்து, 'இதுதான் அந்தப் பெட்டி' என்று சொல்லிவிட்டால் கம்பைலர் அப்படியே நம்பிவிடும். ஆகவே அங்கு எழுந்தது எல்லாம் ஒரு கிண்ணம் தள்ளிய கணக்கு. நாடியின் இடத்தில் பிராணவாயு. பிராணவாயுவின் இடத்தில் மின்கலம். மின்கலம் நிறைந்திருக்கும்வரை நோயாளி நலமாய் இருப்பார்; அவர் மூச்சுத் திணறினாலும் திரை நலம் என்றே சொல்லும்!

கருவி மருத்துவமனையை எட்டுமுன்னரே இது வெளிப்பட்டது. ஸ்ட்ரக்டை அப்படியே அனுப்பும் முறை கைவிடப்பட்டது. ஒவ்வோர் எண்ணும் பைட் பைட்டாகப் பிரித்து எழுதப்பட்டு, மறுமுனையில் பைட் பைட்டாகச் சேர்க்கப்பட்டது. பெட்டியின் அளவு எதிர்பார்த்தபடி இல்லாவிட்டால் நிரல் உருவாகாதவாறு ஒரு காவல் வரியும் சேர்க்கப்பட்டது.

இதில் யார் பொய் சொன்னார்கள்? எவரும் இல்லை. இரு குழுக்களும் ஒரே கோப்பைப் படித்தன. இரு கம்பைலர்களும் தத்தம் முறைப்படி சரியாகவே நடந்தன. ஒரே சொல்லை இருவர் படித்து, இரு பொருள் கொண்டு, இருவரும் ஒத்துப்போய்விட்டதாக எண்ணியிருந்தனர். வீடுகளிலும் மன்றங்களிலும் எழும் பிணக்குகள் பல இவ்வகையினவே அன்றோ? சொல் பொதுவாய் இருப்பதாலேயே பொருளும் பொதுவாய் இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

இதே வகைப் பிழை உலகையே ஒரு நாள் நிறுத்தியதும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஒரு சிறு புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் செயலிழந்தன. விமானங்கள் நின்றன; மருத்துவமனைகள் தடுமாறின. ஒரு பகுதி 21 உறுப்புகள் வரும் என்று எதிர்பார்த்தது. மற்றொரு பகுதி 20 உறுப்புகளையே தந்தது. இல்லாத இருபத்தோராவதை எடுக்கப்போன நிரல் தனக்குரியதல்லாத இடத்தைத் தொட்டு வீழ்ந்தது.

மேற்படி

பழைய நிலப்பத்திரங்களைப் பார்த்திருப்பவர்கள் 'மேற்படி' என்னும் சொல்லை அறிவர். அதைக் குறிக்க ௸ என்று ஒற்றைக் குறியும் தமிழில் உண்டு. எழுதுபவர் ஊர், வட்டம், தகப்பனார் பெயர் எல்லாவற்றையும் ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்து வருமிடமெல்லாம் அந்தக் குறியை மட்டும் இட்டுச் செல்வார். படிப்பவர் அவ்விடத்தில் முழுச் செய்தியையும் தாமே பொருத்திக்கொள்ள வேண்டும். மேக்ரோ என்பதும் இதுவே. ஒரு பெயருக்கு ஒரு நீண்ட தொடரை விதித்துவிட்டால், கம்பைலர் பார்க்குமுன்னரே அந்தப் பெயர் வருமிடமெல்லாம் தொடர் எழுத்துக்கு எழுத்து வந்து அமர்ந்துவிடும்.

சி மொழிக்குள் இந்த வசதி 1973-ஐ ஒட்டி நுழைந்தது. ஆலன் ஸ்னைடர் வற்புறுத்தியதும் அதற்கு ஒரு காரணம் என்று ரிட்சி எழுதியுள்ளார். முதலில் எளிய சொல் மாற்றமாக மட்டும் இருந்ததை, மைக் லெஸ்க்கும் பின்னர் ஜான் ரெய்சரும் விரிவாக்கினர்.

மேக்ரோவுக்கு எழுத்து மட்டுமே தெரியும், பொருள் தெரியாது. 'வர்க்கம்' என்று ஒரு மேக்ரோ அமைத்து, 'தரப்பட்டதைத் தரப்பட்டதால் பெருக்கு' என்று விதித்ததாகக் கொள்வோம். 5 என்று தந்தால் 25 கிடைக்கும். 2+3 என்று தந்தாலோ, 2+3×2+3 என்று விரிந்து 11 என்றாகும். பெருக்கல் முந்திக்கொள்வதால் வரும் வினை இது. தரப்பட்டதைச் சுற்றி ஓர் அடைப்புக்குறி இட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அனுபவமுள்ளவர்கள் மேக்ரோ எழுதும்போது தேவைக்கு மிஞ்சியே அடைப்புக்குறி இடுவதைப் புதியவர்கள் வேடிக்கையாகப் பார்ப்பதுண்டு. தாம் காணாத ஒருவர், தாம் எண்ணாத ஓரிடத்தில், தம் சொல்லை எப்படிப் பயன்படுத்துவாரோ என்று முன்கூட்டியே கவலைப்படும் பண்பு அது. அதை வேடிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சுருக்கச்சொல்லின் உரிமை எல்லை மீறியதற்கும் சான்று உண்டு. யூனிக்ஸின் புகழ்பெற்ற பார்ன் ஷெல்லை எழுதிய ஸ்டீபன் பார்ன், தாம் விரும்பிய ஆல்கால் மொழியின் சாயல் வரும்படி மேக்ரோக்களை அமைத்து, சி மொழியையே வேறொரு மொழி போல மாற்றி எழுதினார். நிரல் நன்றாகவே இயங்கியது. ஆனால் சி அறிந்தவர் அதைத் திறந்தால் திகைத்து நின்றார். அதைப் பார்த்து எழுந்த வியப்பும் சிரிப்புமே, குழப்பமாக எழுதப்பட்ட சி நிரல்களுக்கென 1984-இல் ஒரு போட்டி தொடங்கக் காரணங்களுள் ஒன்றாயின. தனக்கு இனிய மொழியில் எழுதுவது எழுதுபவரின் இன்பம். தனக்குப் பின் வருபவருக்கும் புரியும் மொழியில் எழுதுவது கடமை. இரண்டும் மோதும்போது எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சொன்னதும் உள்ளதும்

சுட்டு, கட்டமைப்பு, சுருக்கச்சொல் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடி உலகை நடுங்கவைத்த நிகழ்ச்சி 2014 ஏப்ரலில் வெளியானது. இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொற்களைப் பூட்டிக் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் நிரலில் கண்டறியப்பட்ட அப்பிழைக்கு ஹார்ட்பிளீட் என்று பெயரிட்டனர்.

இரு கணிப்பொறிகள், 'இன்னும் இருக்கிறாயா?' என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் ஒரு வழக்கம் உண்டு. கேட்பவர் ஒரு சொல்லையும் அதன் நீளத்தையும் அனுப்புவார். பதில் சொல்பவர் அதே சொல்லைத் திருப்பி அனுப்ப வேண்டும். இங்கே, நீளம் என்று எழுதியிருந்ததை இரண்டு பைட்டுகளிலிருந்து ஒரு மேக்ரோ படித்தது. படித்தவுடன் பாயிண்டரை அடுத்த இடத்துக்கு நகர்த்தியும் வைத்தது. அந்தப் பாயிண்டர் நின்ற இடத்திலிருந்து, சொல்லப்பட்ட நீளத்துக்கு நினைவகம் படியெடுக்கப்பட்டு விடையாக அனுப்பப்பட்டது. ஒரே ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு, 'இதன் நீளம் ஏறத்தாழ 64,000' என்று ஒருவர் சொன்னால்? அந்த ஓர் எழுத்துக்கு அடுத்த வீடுகளில் இருந்தவை எல்லாம் வாரிக் கொடுக்கப்பட்டன. பிறருடைய கடவுச்சொற்களும், இரகசியச் சாவிகளும்கூட அவற்றுள் இருக்கக்கூடும். கனடா நாட்டு வருவாய்த் துறையிலிருந்து மட்டும் ஏறத்தாழ 900 பேரின் சமூகக் காப்பு எண்கள் இவ்வாறு களவாடப்பட்டன.

என் மனத்தை வருத்துவது ஒன்றுண்டு. உண்மையில் வந்து சேர்ந்த செய்தியின் நீளம் அந்த நிரலிலேயே ஒரு ஸ்ட்ரக்டில் பதிவாகியிருந்தது. இரண்டு பெட்டிகள் திறந்து பார்த்தால் போதும். திருத்தமாகச் சேர்க்கப்பட்ட முதன்மையான வரி அதைத்தான் செய்தது: சொல்லப்பட்ட நீளம் உள்ளபடி வந்த நீளத்தைவிட மிகுதியானால் பதில் சொல்லாதே. உண்மை கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், கேட்டவரின் சொல்லே போதும் என்று இரண்டாண்டுகளுக்கு மேல் உலகம் நடந்துகொண்டிருந்தது.

நம்பக்கூடாது என்பதா இதன் பாடம்? அல்ல என்றே நான் கொள்கிறேன். அந்நியர் ஒருவரிடம் பணம் வாங்கும் கடைக்காரர் எண்ணிப் பார்ப்பது அவரைக் கள்வர் என்று கருதியன்று. எண்ணுவது இருவருக்கும் நல்லது என்பதனால். பெட்டியில் பிறருடைய உடைமையும் இருக்கும்போது எண்ணாமல் வாங்குவதும் கொடுப்பதும் பெருந்தன்மை ஆகாது. சரிபார்த்தல் நம்பிக்கைக்குப் பகையாகாது. அதைக் காத்து நிற்கும் வேலி அதுவே.

உறுப்பிலிருந்து முழுமைக்கு

இதுவரை அச்சத்தையே மிகுதியாகச் சொல்லிவிட்டேன் போலும். இத்தொழிலின் அழகையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது.

லினக்ஸ் கர்னலில் 'கன்டெய்னர் ஆஃப்' என்று ஒரு மேக்ரோ உண்டு. பல பொருள்களை ஒரு சங்கிலியாகக் கோக்க வேண்டுமெனில், ஒவ்வொரு ஸ்ட்ரக்டுக்குள்ளும் ஒரு சிறு கொக்கியை வைத்துவிடுவார்கள். சங்கிலி கொக்கிகளை மட்டுமே இணைக்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சென்றால் கையில் கிடைப்பது கொக்கியின் முகவரி; கொக்கியைத் தாங்கும் முழுப்பொருளின் முகவரி அன்று. பெட்டியின் விளிம்பிலிருந்து கொக்கி எத்தனை பைட் தொலைவில் பொருத்தப்பட்டது என்பதை அந்த மேக்ரோ அறிந்து, அத்தொலைவைக் கழித்து, முழுப்பொருளின் தொடக்கத்தைத் தந்துவிடும். இருட்டில் சீரகக் கிண்ணம் கையில் பட்டால், பெட்டியின் விளிம்பு எங்கே என்று பழகிய கைக்குத் தெரிவதைப் போன்றது இது.

ஒரேயொரு கழித்தல்தான். ஆயினும் அதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்குண்டான மகிழ்ச்சி இன்னும் மறக்கவில்லை. சிறு உறுப்பு ஒன்றைப் பற்றிக்கொண்டு, அது சார்ந்திருக்கும் முழுமையை அடைந்துவிடலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அது எந்த முழுமைக்கு உரியது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். கொக்கிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வேறொரு பெட்டியின் கொக்கியைக் காட்டி இந்தப் பெட்டியின் தொலைவைக் கழித்தாலும் மேக்ரோ மறுக்காது. ஏதோ ஒரு முகவரியை உறுதியோடு தந்துவிடும். வகை மாறினால் எச்சரிக்கும் காவல்கள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. ஆயினும் ஒரே வகைக் கொக்கிகளுக்குள் எது எவருடையது என்பதை எழுதியவரே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இத்தனை சுமையை மனிதர் நினைவின்மீது ஏற்றலாமா என்னும் வினா இப்போது வலுப்பெற்றுள்ளது. தன் நிரல்களில் ஆண்டுதோறும் திருத்தப்படும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் எழுபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் தெரிவித்தது. முகவரி யாருடையது, எதுவரை செல்லும் என்பதைக் கம்பைலரே சரிபார்க்கும் ரஸ்ட் என்னும் மொழி 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 பதிப்பில் இடம்பெற்றது. அதை நான் மனமார வரவேற்கிறேன். களைப்புற்ற மனிதரின் கவனத்தைவிடக் களைப்பறியாக் காவல் நன்று. எனினும் அம்மொழியிலும், வன்பொருளைத் தொடும் இடங்களில் 'அன்சேஃப்' என்று குறித்துவிட்டு எழுதவேண்டியிருக்கிறது. "இவ்விடத்தைக் கம்பைலரால் காக்க இயலாது, பொறுப்பு என்னுடையது" என்று எழுதுபவர் கையொப்பமிடும் இடம் அது. எந்த மொழி வந்தாலும் அடித்தளத்தில் அப்படியோர் இடம் எஞ்சியே நிற்கும். அங்கே மனிதரின் சொல்லுறுதியே எந்திரத்துக்கு ஆதாரம்.

அந்தக் கையொப்பத்தை யாரும் காணப்போவதில்லை. மருத்துவமனைத் திரையில் எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடும் தாய்க்கு, அந்த எண்ணின் பின்னால் இரண்டு பைட் வெற்றிடத்தைப் பற்றி எவரோ கவலைப்பட்டார் என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. சரியான எண் அவருக்குக் கிடைக்கிறது. கண்டறியப்படாத பிழையைப் போலவே, செய்யப்பட்ட கவனமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. என்னிடம் வேலை பழக வரும் இளையவர்களுக்கு நான் முதலில் தருவது பாயிண்டரைப் பற்றிய பாடத்தை அன்று. நீ எழுதும் இந்த வரியை நம்பி இருக்கப்போகிறவர் யார் என்று ஒரு தாளில் எழுதி வை என்பேன். சிலர் சிரிப்பார்கள். எழுதி வைப்பவர்கள் அடைப்புக்குறியை மறப்பதில்லை.